ஹெண்டனில் வழிகாட்டிய பெரியவருக்கு நன்றி

லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், சூப்பர்மரீன் சீகல் விமானத்தின் முன் நின்றிருந்த என்னிடம் தாமாகவே வந்து பேசிய பெரியவரே, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள வாய்க்கவில்லை. இந்தப் பதிவு உங்களுக்காக.

நீரிலும் நிலத்திலும் இறங்கும் பழைய விமானங்கள் மீது எனக்குத் தீராத ஆசை. அதிலும் 1933இல் முதன்முதலாகப் பறந்த இந்த வகை தனி அழகு: படகின் வயிறு, இரட்டை இறக்கை, அவற்றின் நடுவே பின்பக்கம் விசிறி வைத்த எஞ்சின். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை உருவாக்கிய அதே ஆர்.ஜே. மிட்செலின் வடிவமைப்பு என்பது மட்டும் எனக்குத் தெரியும். எஞ்சின் சற்றே கோணலாக இருப்பதை நீங்கள் விரல் நீட்டிக் காட்டிய பிறகுதான் கண்டேன். விசிறி தள்ளும் காற்று சுழன்றுபோய் வாலில் மோதி விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும், அதைச் சமன்செய்யவே இந்தக் கோணல் என்று பொறுமையாக விளக்கினீர்கள். சக்கரங்கள் மடங்கிக் கீழ் இறக்கைக்குள் போகும் இடத்தைக் காட்ட, முழங்கால் வலியோடு நீங்களும் குனிந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

இதன் உடன்பிறப்பான வால்ரஸ் விமானம் இங்கிலாந்தின் யோவில்டனில், கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அடுத்த மாதம் போகிறேன், ஐயா.