சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. உன் மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாள் என்ற வரியை வீட்டில் சத்தம் போட்டுப் படித்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் படிக்கச் சொன்னாள். அன்று சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் அவள் ஏற்றிய மெழுகுதிரி உன் மகளுக்காகத்தான். எங்கள் வீட்டுச் செய்தி அதிகமில்லை. பெரியவன் ஓசூரில் வேலை மாறியிருக்கிறான். எனக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறுவதில்லை. மற்றபடி நலம்.

உன் மகள் உன்னிடம் கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. "அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கோயிலுக்குள்ளிருந்துதானே போராட்டத்தைத் தொடங்கினார்கள், நாம் மட்டும் ஏன் கோயிலை விட்டு வந்தோம்?" நீ பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரலாற்றை நான் பல வருடமாகப் படித்து வருகிறேன், உனக்கும் தெரியும். பதில் சொல்லவேண்டியவன் நீ இல்லை, நான்தான் என்று தோன்றியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் இதைச் சொல். அவர்களும் கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயம் என்று ஒன்று. அதில் ரிச்சர்டு ஆலன் என்பவர் பிரசங்கம் செய்துவந்தார். அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கியவர். அந்த ஆலயத்தில் புதிதாக மேல்மாடம் கட்டவும் தரை போடவும் கறுப்பினத்தவர் காசும் கொடுத்தார்கள், உடம்பாலும் உழைத்தார்கள். வேலை முடிந்த பிறகு, நீங்கள் மேலே போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருக்கும்போதே, ஆலனின் தோழர் அப்சலோம் ஜோன்ஸை ஆலய நிர்வாகி ஒருவர் பிடித்துத் தூக்கினார், இந்த இடத்தில் முழங்கால் போடக்கூடாதென்று. ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். நிர்வாகி விடவில்லை. ஜெபம் முடிந்ததும் அவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமாக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

போனவர்கள் விசுவாசத்தை அங்கே விட்டுவிட்டுப் போகவில்லை. ஆலன் ஒரு பழைய கொல்லன் பட்டறையைக் குதிரைகளால் இழுத்துவந்து தன் மனையில் நிறுத்தினார். 1794-ல் அதுவே பெத்தேல் ஆலயம். 1816-ல் அது ஒரு தனித் திருச்சபையாகவே வளர்ந்து நின்றது.

பின்னால் நடந்த போராட்டங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு முழுக்கச் சொந்தமாக இருந்த பெரிய கட்டடம் அநேகமாக அவர்களுடைய கோயில் ஒன்றுதான். போதகருக்குச் சம்பளம் அவர்களுடைய காணிக்கையிலிருந்து வந்தது. எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் ராத்திரிக் கூட்டம் கோயிலில், வழக்குக்குப் பணம் திரட்டுவது கோயிலில், அடி வாங்கியவன் வந்து விழுவதும் கோயிலில். அதற்கு விலையும் கொடுத்தார்கள். அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம். அங்கே ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற போதகரின் வீட்டில் 1956 கிறிஸ்துமஸ் ராத்திரி குண்டு வெடித்து வீடே சரிந்தது. படுத்திருந்த மனிதர் காயமில்லாமல் எழுந்து வந்தார். மறுநாளே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, பேருந்தில் வெள்ளையர் இருக்கைகளில் போய் உட்கார வைத்தார்! இந்த மனிதரைப் பற்றி உன் மகள் கட்டாயம் படிக்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம் ஆட்களுக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

ஆக, அவர்கள் வெளியேறிய கோயில் வேறு, போராட்டம் தொடங்கிய கோயில் வேறு. நீ செய்தது ஆலன் செய்ததுதான். நான் செய்தது என்ன என்பதை இனிமேல் சொல்கிறேன்.

1963 ஏப்ரல். ஷட்டில்ஸ்வொர்த் அழைத்து மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காமுக்கு வந்திருக்கிறார். ஈஸ்டர் நேரம். புதுத்துணி எடுக்கிற காலம், நமக்கு கிறிஸ்துமஸ் மாதிரி. கறுப்பினத்தவர் எவரும் இந்த வருடம் நகரத்துப் பெரிய கடைகளில் துணி எடுக்க மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். காசை வாங்கிக்கொள்கிற கடை, சாப்பாட்டு மேசையில் உட்கார விடுவதில்லை, விற்பனை வேலையும் கொடுப்பதில்லை. ஏப்ரல் 12, புனித வெள்ளி அன்று, ஊர்வலம் போகக்கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறி நடந்தார் கிங். புதுத்துணிக்குப் பதிலாக உழைப்பாளிகள் போடுகிற முரட்டு நீலத்துணி உடுத்தியிருந்தார். கைது செய்து தனிச் சிறையில் போட்டார்கள்.

அதே சமயம் எட்டு மதத் தலைவர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கை பத்திரிகையில் வந்தது. ஆயர்கள், போதகர்கள், ஒரு யூத ரபி. எல்லாரும் வெள்ளையர். இவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு கொளுத்துகிற கூட்டம் இல்லை. சில மாதங்களுக்கு முன்பு, இனப்பிரிவினைக்கு எதிரான தீர்ப்புகளை மீறாதீர்கள் என்று வெள்ளையரிடமே கேட்டுக்கொண்டவர்கள். நல்லவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதியதன் சாரம் இதுதான்: இந்தப் போராட்டம் புத்திசாலித்தனமானது அல்ல, இது அதற்கான நேரமும் அல்ல, பொறுத்திருங்கள்.

அந்தப் பத்திரிகை கிங் கையில் கிடைத்தது. எழுதத் தாள் இல்லை. செய்தித்தாளின் ஓரத்திலேயே, அச்சு இல்லாத வெள்ளை இடத்தில், பதில் எழுத ஆரம்பித்தார். ஓரம் தீர்ந்ததும் கையில் கிடைத்த துண்டுக் காகிதங்களில். அப்புறம்தான் வழக்கறிஞர்கள் மூலம் தாள் கிடைத்தது. இந்த இடத்தை உன் மகளுக்கு அழுத்திச் சொல். அந்தக் கடிதம் வெளியே வந்தது வழக்கறிஞர்கள் கைவழியாகத்தான்.

"பொறுத்திரு" என்ற சொல்லை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், அதற்குப் பெரும்பாலும் "ஒருநாளும் இல்லை" என்றுதான் அர்த்தம் என்று எழுதுகிறார். தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்த ஆறு வயது மகள் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதியில்லை என்று சொல்ல வாய் வராமல் நிற்கிற தகப்பனை எழுதுகிறார். பிறகு அவர் சொல்வதுதான் என்னைக் குத்தியது. எங்களை வெறுக்கிறவனைவிட, உன் நோக்கம் சரி ஆனால் வழி சரியில்லை என்று சொல்லி, இன்னொருவனின் விடுதலைக்குத் தன் வசதிப்படி நேரம் குறிக்கிறானே, அவன்தான் பெரிய தடை என்கிறார்.

நண்பா, 1991-ல் உன் அப்பா அடக்கத்தன்று சாமியார் பங்களாத் திண்ணையில் நீ நின்றாய். மழை தூறிக்கொண்டிருந்தது. சவ வண்டி பெரிய தெரு வழியாகப் போகவேண்டும், அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவருக்கு இந்தப் பக்கம் அடக்கம் செய்யவேண்டும் என்று கேட்டாய். இரண்டே கோரிக்கை. வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் சாரம் கட்டி அந்தக் கோயிலுக்கு வெள்ளையடித்தவர் உன் அப்பா. உள்ளே என் பெரியப்பாவும் மற்றப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுத்துக்கோ, காலம் மாறும், இப்ப நேரம் சரியில்ல" என்றேன். உனக்கு ஆறுதல் சொன்னதாகவே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நீ என் கையை விலக்கிவிட்டு வண்டியோடு கீழத்தெருவில் நடந்தாய். அதற்குப் பிறகு நீ கோயில் படி மிதிக்கவில்லை.

என்னை மன்னித்துவிடு. முப்பது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கிங்குக்கு நம் பக்கத்து விவகாரம் தெரியாததில்லை. 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டாமைக்கு ஆளான வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளிடம் அவரை அறிமுகம் செய்தார் தலைமையாசிரியர். முதலில் சுருக்கென்றிருந்ததாம். தன் நாட்டில் தன் மக்கள் இருக்கும் நிலையை யோசித்துப் பார்த்துவிட்டு, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாக 1965-ல் தன் சொந்த ஆலயத்தில் பிரசங்கத்தில் சொன்னார். நிறத்தையும் சாதியையும் ஒன்றாகக் குழப்பாதே என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் வந்த வழி வேறு, சரி. ஜெபத்திலிருந்து எழுப்பிவிடப்பட்டவனுக்கும் கல்லறையில் இடமில்லை என்று சொல்லப்பட்டவனுக்கும் வலிக்கிற இடம் வேறா?

அந்த எட்டுப் பேரின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஏர்ல் ஸ்டாலிங்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர், கிங் சிறையில் இருந்த அந்த ஈஸ்டர் அன்றே கறுப்பினத்தவரைத் தன் ஆலயத்துக்குள் அனுமதித்தார். கிங் தன் கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறார். இன்னொருவர் நம் கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக். அவர் அடுத்த வருடம் டென்னசி மாநிலத்து நாஷ்வில் மறைமாவட்டத்துக்குப் போனார். அங்கே இன ஒதுக்கலுக்கு எதிராக வெளிப்படையாக நின்றார். 1975-ல் ஆயர் பொறுப்பைத் துறந்து சிறைக்கைதிகளிடம் ஊழியம் செய்யப் போய்விட்டார். சிறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் கண்டிக்கப்பட்டவர், கடைசியில் சிறைக்கே போய் வேலை செய்தார். இவருடைய வாழ்க்கையை நான் பல தடவை யோசித்துப் பார்க்கிறேன். தப்பாகக் கையெழுத்துப் போட்ட கை மறுபடியும் சரியாகக் கையெழுத்துப் போட முடியும்.

கிங் கடிதம் எழுதிய அதே 1963-ல், செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்காம் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. ஜன்னல் ஒன்றில் இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்தது. கடல் தாண்டி வேல்ஸ் நாட்டு மக்கள் சில்லறை சில்லறையாகக் காசு சேர்த்துப் புது ஜன்னல் ஒன்று அனுப்பினார்கள். பணக்காரர் ஒருவரே மொத்தத்தையும் கொடுத்துவிடக் கூடாது என்று தொகைக்கு உச்சவரம்பு வைத்து வசூலித்தார்களாம். அதில் இயேசு கறுப்பர், இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். கீழே மத்தேயு நற்செய்தியின் சொல், "எனக்கே செய்தீர்கள்". அதன் படத்தை மகளுக்குக் காட்டு.

போன வாரம் கல்லறைத் திருநாள். எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூப் போட்டுவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அந்தப் பக்கம் போனேன். அந்தச் சுவர் என் நெஞ்சு உயரம்கூட இல்லை. இந்தப் பக்கம் வெள்ளையடித்திருக்கிறது, அந்தப் பக்கம் செங்கல் தெரிகிறது. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க அந்தப் பக்கம் வரும்போது இருட்டிவிட்டது. உன் அப்பா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாம் தடவை செங்கல் ஒன்றை மறைப்பாக வைத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்குப் பங்குப் பேரவை கூடுகிறது. அந்தச் சுவரை எடுக்க வேண்டும், தேரும் சவ வண்டியும் எல்லாத் தெருவிலும் போகவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இதுவரை எங்கள் தெருவில் 11 பேர் போட்டிருக்கிறார்கள். என் தம்பி போடவில்லை, என்னோடு பேச்சும் இல்லை. கீழத்தெருக்காரர்களிடம் கேட்டபோது ஒரு பெரியவர், "நாங்க கேட்டாச்சு, நீங்க கேளுங்க" என்று சொன்னார். அது சரிதான். உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், சட்டப்படி சொல் எங்காவது பிசகியிருந்தால் உன் மகளைத் திருத்தி அனுப்பச் சொல்.

இன்னொன்று. அப்பா கல்லறையில் சிலுவை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அடியில் மண் கரைந்துவிட்டது. நிமிர்த்தி சிமெண்ட் வைக்கக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். உன்னைக் கேட்காமல் தொட மனமில்லை. வைக்கட்டுமா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் விடுதித் தோழன்