மருந்துத் தட்டோடு நிற்கும் மகளுக்கு

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ அழைத்தபோது பாட்டிக்கு இரவு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால், உன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். "டாக்டர் எழுதுகிறார், மருந்தாளர் அனுப்புகிறார், நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம், இதற்கு எதற்கப்பா இத்தனை மருந்தின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்று கேட்டாய். முப்பத்து நான்கு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி இரவு முழுவதும் தூக்கம் தரவில்லை என்பதால், பேச்சில் சொல்ல வராததை எழுதியே அனுப்புகிறேன்.

டாக்டர் தவறாக எழுதினால் மருந்தாளர் கண்டுபிடிக்கக்கூடும். மருந்தாளர் தவறாக அனுப்பினால் நீ கண்டுபிடிக்கக்கூடும். நீ தவறாகக் கொடுத்துவிட்டால், அதைக் கண்டுபிடிக்க நோயாளியின் உடம்பைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. நம் வேலையின் பாதி கொடுப்பதில் இருக்கிறது. மற்றப் பாதி, கொடுக்கப்போன கையை எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. மருந்தியல் படிக்காமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடலாம், நிறுத்த மட்டும் முடியாது.

இதய மருந்தான டிகாக்சினையே எடுத்துக்கொள். கொடுப்பதற்கு முன்னால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழு ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதை உன் வகுப்பில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதே நோயாளிக்குக் கால் வீக்கத்துக்காக ஃப்ரூசமைடும் கொடுக்கிறார்கள், அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது, பொட்டாசியம் குறைந்த உடம்பில் வழக்கமான டிகாக்சினே நஞ்சாகிவிடும் என்ற தொடர்ச்சி மனத்தில் இருப்பவள்தான், துடிப்பு 72 இருந்தும், "இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, வெளிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது" என்று அந்தக் கிழவர் சொன்னதும் மாத்திரையை வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனை முடிவைத் தேடுவாள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கே டிகாக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 36 முதல் 48 மணி நேரம் ஆகும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அது இன்னும் நீளும். நேற்றைய மருந்து உள்ளே இருக்கும்போதே இன்றையதும் போய்ச் சேரும். அரை ஆயுள் என்று உன் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கும் சொல்லுக்கு வார்டில் இதுதான் பொருள்.

பெயர்களைத் தனித்தனியாக உருப்போடாதே, வாலைப் பிடித்துப் படி. அட்டெனலால், பிசோபிரலால், புரோப்ரனலால் என்று 'லால்' என முடிபவை துடிப்பைக் குறைப்பவை. அவற்றைக் கையில் எடுக்கும்போதே நாடியும் இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் நினைவுக்கு வர வேண்டும். எனலாபிரில், லிசினோபிரில் என்று 'பிரில்' என முடியும் இரத்த அழுத்த மருந்துகளில் வறட்டு இருமல் வரலாம். பொதுப்பெயர் தெரிய வேண்டியதன் காரணத்தை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே காட்டுகிறேன். போன மாதம் பாட்டி முதுகுவலிக்கு அனாரெக்ஸ் போட்டுக்கொண்டு, தலைவலிக்கு மேலும் இரண்டு பனடோலை எடுத்து வைத்திருந்தார். அட்டை வேறு, நிறம் வேறு, ஆனால் இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு, மெலிந்த முதியவர்களுக்கு அதுவும் அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) பாட்டிக்குக் கொடுத்த பையின் மேல் எல்லாம் எழுதித்தான் இருந்தது; ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது, பாட்டி படித்ததோ தமிழ்ப் பள்ளியில்.

மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதிலும் அவசரப்படாதே. மூக்குக் குழாய் போட்ட நோயாளிக்கு எல்லாவற்றையும் இடித்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் வார்டுகளில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாக இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையை விழுங்கிவிட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி அழிந்து, இதயத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. மருந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு விதியாக மட்டும் கற்றுக்கொண்டவர்கள் அதை மறந்துவிடுவார்கள், ஏன் அந்த வழி என்று தெரிந்தவர்கள் மறப்பதில்லை.

கணக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் தவறிவிட்டதாக அழுதாய். வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அது கலந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்கு என்பதைத் தாண்டி அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஜென்டமைசின் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் இருக்கிறது, 60 வேண்டும் என்றால் 1.5 மில்லிலிட்டர். ஆனால் கணக்குப் போடுவதற்கு முன்பே, விடை ஒரு புட்டிக்குள் அடங்கும் என்று மனம் ஊகித்திருக்க வேண்டும். கருவியில் 15 என்று விடை வந்து, ஒரே வேளைக்கு எட்டுப் புட்டிகளை உடைக்க வேண்டியிருந்தால், புள்ளி எங்கோ இடம் மாறிவிட்டது என்று பொருள். புள்ளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1.0 என்று எழுதினால் அவசரத்தில் அது 10 ஆகும், முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் அது 5 ஆகும். இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதை முழுச் சொல்லாக எழுது. ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது பூஜ்யம்போல் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

இன்சுலின் என்றதும் காலை உணவு வண்டி நினைவுக்கு வருகிறது. விரைவாக வேலை செய்யும் இன்சுலின் கால் மணி நேரத்துக்குள் சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும். ஆகவே பதிவேட்டில் 7.30 என்று எழுதியிருப்பதைவிட, தட்டு வந்துவிட்டதா, மூடியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாரா என்பதுதான் எனக்குப் பெரிது. ஸ்கேனுக்காகப் பட்டினி போட்டிருக்கும் நோயாளிக்கும், நோன்பு நோற்க விரும்பும் மலாய்க்காரப் பெரியவருக்கும் வழக்கமான ஊசியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் டாக்டரைக் கேள். சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும்போது 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது உனக்குத் தெரியும், ஆனால் அந்த நிலைக்கு அவரை நாமே கொண்டுபோய்விடக் கூடாது.

இனி நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 1989இல் எனக்கு இருபத்து நான்கு வயது. அப்போது பார்கோடு கிடையாது, மருந்துச் சீட்டுகள்தாம். ஒரே வார்டில், ஒரே பெயரில் இரண்டு தமிழ்ப் பெரியவர்கள் படுத்திருந்தார்கள். நான் ஒருவரிடம் போய் அவர் பெயரை நானே சொல்லி, "நீங்கள்தானே ஐயா?" என்று கேட்டேன். காது மந்தமானவர்; வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடும் தலைமுறையைச் சேர்ந்தவர்; ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு எழுதியிருந்த 100 மில்லிகிராம் அட்டெனலாலை அவர் என் கையிலிருந்து வாங்கி விழுங்கினார். அடுத்த கட்டிலுக்குப் போய்ச் சீட்டிலிருந்த அடையாள அட்டை எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

சிஸ்டரிடம் சொல்வதற்கு நான்கைந்து நிமிடம் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். சொன்னதும் அவர் திட்டவில்லை, டாக்டரை அழைத்தார், என்னைக் கட்டிலருகே ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி பார்த்தேன். 48 வரை இறங்கி, விடியற்காலையில் 58க்கு ஏறியது. அவர் கண் விழித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ராத்திரி முழுக்க இங்கேயே உட்கார்ந்திருந்தியா?" என்று நன்றியோடு கேட்டார். அந்த நன்றியை நான் என்ன செய்வது?

அதனால் பெயரை நீ சொல்லாதே, அவரைச் சொல்லச் சொல். முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடு. உன் மருத்துவமனையில் கருவி பட்டையை வாசித்து 'பீப்' என்று சொன்னாலும் கேள். "இது நான் தினமும் சாப்பிடும் மாத்திரை இல்லையே" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது சரி என்று வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்து பார். பத்தில் ஒன்பது தடவை கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருக்கும். பத்தாவது தடவைக்காகத்தான் திறக்கச் சொல்கிறேன்.

ஒவ்வாமையைக் கேட்பதும் அப்படித்தான். உன் தம்பி பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருப்பது தெரிந்தது. 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை நடக்கிறது. அன்றைக்கே பாட்டியின் புடவை அலமாரியிலிருந்த அந்துருண்டைகளை அள்ளி வெளியே போட்டேன், பாட்டி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மற்றவர்களைத் தொந்தரவு செய்யாத அந்துருண்டையோ, டாப்சோன், பிரைமாகுவின் போன்ற மருந்தோ அவனுடைய இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். இது ஒவ்வாமை அன்று என்பதால், "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று மட்டும் கேட்கும் தாதிக்கு அவன் "இல்லை" என்றே பதில் சொல்வான். நீ இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பெட்டி வரும். அந்த இரவு நாடி பார்த்த, சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் அதில் இருக்கிறது. வியாழக்கிழமை பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பும் வழியில் அதற்குப் பேட்டரி மாற்றி அனுப்புகிறேன். விநாடி முள் சற்று வளைந்திருக்கும், ஆனால் நேரம் தவறாது. டிகாக்சினுக்கு முன்னால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல், முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை நின்று எண்ணு.

அன்புடன்,
அப்பா