களஞ்சிய நிர்வாகத்தினருக்கு: அந்தப் பத்து நிமிடத்தை வேலை நேரத்துக்குள் தாருங்கள்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

வணக்கம். நீங்கள் பதாகை கட்டி, படம் எடுத்து, தொடக்கி வைத்த பத்து நிமிடக் காலை உடற்பயிற்சி பற்றித்தான் எழுதுகிறேன். திட்டம் நல்லதுதான். ஆனால் அதை ஆறரை மணிக்கு, வேலை தொடங்க முதல் வைத்திருக்கிறீர்கள். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூரிலிருந்து வருகிறவன் எத்தனை மணிக்கு எழும்புவது? வந்தாலும், மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிற நாட்டாமை (சுமை தூக்குகிறவன்), லொறி வாசலில் நிற்கும்போது கையை நீட்டி மடக்கிக்கொண்டு நிற்பானா? ஆட்கள் வரவில்லை என்றதும் "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிட்டீர்கள்.

எங்களோடு ஒரு அண்ணன் இருக்கிறார். 50 கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்றைக்கும் பலகையில் ஏறுவார். ஆனால் கக்கூசில் குந்தினால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத்தான் எழும்புவார். போன மாதம் குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. அதன் விலையை அவருடைய கூலியில் வெட்டினீர்கள். குழாயைத் திருத்த மறுநாளே ஆள் வந்தது. அவருடைய நாரியை (கீழ்முதுகை) பார்க்க இன்னும் ஒருவரும் வரவில்லை.

உடற்பயிற்சியோடு விளக்கமும் கொடுத்தால் நாரி நோ வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2016இல் சொன்னார்கள். வருடம் போகப் போக அந்தப் பலன் தேய்கிறது, விடாமல் செய்தால்தான் உண்டு என்பதும் அதிலேயே தெரிகிறது. இடுப்புப் பட்டி கட்டுவதால் நோ குறைந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் எங்களுக்குத் தந்திருப்பது பட்டி. அதனால்தான் கேட்கிறோம், பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்கட்டும், கூலியோடு.

அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், எல்லாம் வசதியாக இருந்தாலும் ஒருவர் கையால் தூக்க 23 கிலோவே எல்லை. எங்களுக்கு அது பாதி மூட்டைகூட இல்லை! தள்ளுவண்டி கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேள் என்கிறீர்கள். அவரோ கம்பனியைக் கேள் என்கிறார். நாரி யாருடையது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை, அது எங்களுடையது.

சரி, அதை வேறொரு நாள் பேசுவோம். இப்போது கேட்பது பத்து நிமிடம். ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் சேர்த்து, பிசியோதெரபி தெரிந்த ஒருவரைக் கொண்டு, வேலை நேரத்துக்குள். லொறிகளை ஏழு மணிக்குப் பதிலாக ஏழு பத்துக்கு உள்ளே விடும்படி வாசல் காவலருக்குச் சொன்னால் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி போடும்படி கணக்குப் பகுதிக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூட்டை தூக்குகிறவர்கள் சார்பில் ஒருவன்,
திருகோணமலை.