அடுத்த வீட்டில் ஒரு மாற்றுச் சாவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். 2007-ஆம் ஆண்டு எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு இன்றும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதவே இக்கடிதம். நாளிதழில் எழுதுகிற அளவுக்கு இது பெரிய விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். சென்ற நவம்பரில் ஒரு நாள் காலையில் எங்கள் வரிசையில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். மகன் கிள்ளானில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மகள்கள் இருவரும் ஜொகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் பாட்டி வாசல் விளக்கை அணைத்துவிட்டு வாசல் தெளிப்பார். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தால், ஒரு தேங்காய் பன்னுக்கான சில்லறையைக் கையில் எண்ணிக்கொண்டே வெளியே வருவார். அன்று விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ரொட்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவான மாக்சிக்கிடம் சொல்ல, அவர் ஓடிவந்து, “சிக்கு (டீச்சர்), நேனேக் (பாட்டி) இன்னும் எழுந்திருக்கவில்லை” என்று என்னை அழைத்தார்.

முன்கதவுக்கு வெளியே இருந்த இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. சன்னலின் கண்ணாடித் தகடு ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தோம். சாவிக்கொத்து சாமிப் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த அந்தச் சாவி கைக்கு எட்டவில்லை. உள்ளிருந்து முனகல் மட்டும் கேட்டது. 999-க்கு அழைத்துவிட்டு, மோட்டார்ப் பட்டறையிலிருந்து ஓர் இளைஞரைக் கூட்டிவந்து, பூட்டை அறுத்து, கதவின் உள்தாழ்ப்பாளையும் உடைத்து உள்ளே போக நாற்பது நிமிடம் ஆயிற்று. பாட்டி குளியலறை வாசலில் ஈரத்தில் கிடந்தார். முந்தின இரவு விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கிள்ளானிலிருந்து மகன் மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். மேசைமேல் அது அடித்த ஒவ்வொரு முறையும் பாட்டிக்குக் கேட்டிருக்கிறது. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “ராத்திரி பூரா கூப்புட்டேன் டீச்சரம்மா, ஒங்களுக்குக் கேக்கலியா?”

எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். அந்த ஆண்டும் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன், மருந்து தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தேன். வீட்டுக்கு இன்னொரு சாவி இருக்கிறதா, அது யாரிடம் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் நைஜல் கார்டனர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இடையில் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் நமக்குத் தூக்கம் கலையும். விடியுமுன் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது ஓர் ஆளைக் காணவில்லை என்றால் லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். நிர்வாகம் அதை அக்கறையால் செய்யவில்லை, ஆள் கணக்குக்காகச் செய்தது. ஆனாலும் ஒருவர் விழுந்து கிடந்தால் வெயில் ஏறுவதற்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். அந்த வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்து ஒருவர் மனைவியை அடித்தால் பத்து வீட்டுக்கும் கேட்டது. கேட்ட பத்து வீடும் எழுந்துபோய்த் தடுத்ததில்லை. லயத்தில் அடுத்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிடும் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். தாமானின் செங்கல் சுவர் எதையும் சொல்வதில்லை.

இது தோட்டங்களால் உண்டான ஊர். நம் நாட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வணிக நோக்கில் முதன்முதலாக 1917-இல் நடப்பட்டது எங்களுக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை பரவப் பரவ ஆள் தேவை குறைந்தது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு என்பதால், வேலையை விட்டவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு ஊருக்குள் மலிவு விலை வீடுகளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு வீடு. அதில் குடியேறிய கையோடு பெரும்பாலோர் செய்த முதல் செலவு இரும்புக் கிரில். திருட்டுப் பயம் பொய்யில்லை, ஆகையால் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் படித்து, வேலை தேடி வெளியூர் போன பிறகு, அந்தக் கிரிலுக்குள் இருப்பது வயதானவர் ஒருவர் மட்டுமே என்றாகிவிட்டது. 2030-க்குள் மலேசிய மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது. எங்கள் தாமானில் அந்த நிலை எப்போதோ வந்துவிட்டது.

சாவியை ஏன் யாரும் கொடுத்துவைப்பதில்லை என்பதற்குக் காரணங்கள் எங்களுக்கே தெரியும். பாட்டிக்கும் அடுத்த வீட்டாருக்கும் கால்வாய்த் தண்ணீர் விஷயத்தில் மனத்தாங்கல். அதற்கு முன்பே கோயில் நிர்வாகத் தேர்தலில் இரு வீட்டாரும் எதிரெதிர் அணி. இன்ன தோட்டத்து ஆள், இன்ன கட்சி ஆள் என்று பிரித்துப் பேசுகிற வழக்கம் தோட்டத்தை விட்டு வந்த பின்னும் எங்களை விடவில்லை. சாவியைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கேட்பவருக்குக் கூச்சம். கொடுத்தால், பிள்ளைகள் பார்க்கவில்லை என்று ஊர் பேசுமோ என்று பெற்றவர்களுக்குப் பயம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தடை என்பது என் கணிப்பு. பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காக எத்தனை வலியை வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளும் தலைமுறை அது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாக்சிக்கும் நானும் எங்கள் இரண்டு வரிசைகளிலும் வீடு வீடாகப் போனோம். தனியாக இருப்பவர்கள் ஏழு பேர். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டோம். ஒருவர் சம்பந்தியிடம் கொடுத்தார். இன்னொருவர், இருபது ஆண்டுகளாகக் கடனுக்கு அரிசி கொடுத்துவரும் மளிகைக்கடைச் சீனப் பெரியவரிடம் கொடுத்தார். பாட்டியின் சாவி இப்போது மாக்சிக் வீட்டில் இருக்கிறது. சாவியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ இட்டுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பிள்ளைகளின் தொலைபேசி எண்களையும் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அதே உறைக்குள் வைத்திருக்கிறோம். இரண்டு பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை நாங்கள் வற்புறுத்தவில்லை. காலையில் வாசல் விளக்கு அணைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

சமூகநலத் துறை ஆதரவில் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பகலில் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருவதற்கு அவை நல்லவை. இரவில் விழுகிறவருக்கு உதவி அடுத்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். எனவே தோட்டப்புற ஊர்களிலுள்ள கோயில் நிர்வாகத்தினரையும் குடியிருப்பாளர் சங்கத்தினரையும் நான் வேண்டுவது இதுதான்: திருவிழா வசூலுக்கு எப்படியும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகிறீர்கள், அப்போது அந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருக்கும் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாவியை நீங்கள் கொடுத்தால்தான் அம்மாவின் கூச்சம் போகும். அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது, சில வெள்ளி செலவில் ஒரு சாவியை வெட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் நீங்களே கொடுங்கள். கதவில் உள்தாழ்ப்பாள் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அது போட்டிருந்தால் வெளியே எத்தனை சாவி இருந்தும் பயனில்லை. பாட்டி வீட்டில் புதிதாக மாட்டியிருந்த தாழ்ப்பாளைக் கழற்றியது அவர் மகன்தான், மருத்துவமனையிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்த அன்றே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்