கருவாடு கட்டிய ஊர்

அன்புள்ள அந்தோணி,

நாங்கள் கிளம்புகிற அவசரத்தில் உன் கடிதம் வந்தது. பெர்கனில் உட்கார்ந்துதான் பதில் எழுத வாய்த்திருக்கிறது. நார்வேயின் மேற்குக் கரைத் துறைமுகம் இது. வருஷத்தில் இருநூறு நாளுக்குமேல் மழையாம். வந்ததிலிருந்து எங்களுக்கும் குறை வைக்கவில்லை.

படகுத்துறையை ஒட்டி பிரிக்கன் என்று ஒரு மரக்கட்டட வரிசை. 1702-ல் தீப்பிடித்து எரிந்தபிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வருகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சந்துக்குள் நுழைந்தால்தான் விஷயம் தெரியும். இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் பண்டகசாலைகள். அத்தனையும் கருவாட்டு வியாபாரத்துக்காக எழுந்தவை, மக்கா!

மீன் இந்த ஊர்க் கடலுடையது இல்லை. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் பிடிக்கும் காட் மீன். தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, வாலோடு வால் கட்டி, மரச்சட்டத்தில் இரண்டிரண்டாகத் தொங்கவிடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை காயும். ஒரு கல் உப்புக்கூடச் சேர்ப்பதில்லை. ஈ மொய்க்காத குளிர், ஆனால் மீன் உறைந்துபோகாத குளிர். அந்தக் காற்றே போதும். எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும், வருஷக்கணக்கில் கெடாது. மீன்பிடி அருங்காட்சியகத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விறகுக்கட்டைதான். தட்டினால் டொக்கென்கிறது. இன்றும் நல்ல ரகம் இத்தாலிக்குப் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு.

இதை வாங்கி விற்க, ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் 1360 வாக்கில் இங்கே கிளை போட்டார்கள். அவர்களுடைய சின்னத்திலேயே கருவாட்டுக்குக் கிரீடம் வைத்திருக்கிறார்கள்! தீக்குப் பயந்து பண்டகசாலைகளில் அடுப்போ கணப்போ கூடாது. வேலைக்கு வந்த பையன்கள் கல்யாணமும் செய்துகொள்ளக் கூடாது. அதைவிட என்னைப் பிடித்தது கடன் கணக்கு. வடக்கே தானியம் சரியாக விளையாது. மீனோடு வருகிற கடல்காரனுக்கு வியாபாரி மாவைக் கடனாகக் கொடுப்பான். கடன் தீரும்வரை மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது. அடுத்த வருஷம் மறுபடி மாவு வேண்டும், மறுபடி கடன். உன் அப்பா தரகரிடம் பட்ட பாட்டை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாமே. 1754-ல் ஜெர்மானியர்களின் கிளை முடிவுக்கு வந்தது. நார்வே வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள், கடன் மட்டும் போகவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். துறைமுகச் சந்தை எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காகவே நடக்கிறது. ராஜநண்டின் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் விமலா எழுந்தேவிட்டாள். அந்த நண்டும் இந்தக் கடலில் பிறந்ததில்லை. பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து, அறுபதுகளில் சோவியத்காரர்கள் பேரண்ட்ஸ் கடலில் விட்டது. அதை விட்டுவிட்டு ஒரு சின்னக் கடையில் பெர்செடோர்ஸ்க் கேட்டுச் சாப்பிட்டோம். காட் மீனில் உப்பும் சர்க்கரையும் தடவி, கனம் வைத்து அழுத்தி, பிறகு மெதுவாக வேகவைப்பது. புளியும் மிளகாயும் இல்லையே என்றுதான் முதல் வாய் எடுத்தேன். சதை இறுகி, இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. விமலா மட்டும் கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுத்தாள்.

உன் மகன் விசைப்படகை விற்கப்போவதாக எழுதியிருந்தாய். கேரளத்துக்கு விசைப்படகைக் கொண்டுவந்ததில் இந்த நாட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு. நீண்டகரையில் 1953-ல் தொடங்கிய திட்டம், உனக்குத் தெரியும். இங்கேயும் பிள்ளைகள் கடலை விட்டு எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிறார்கள். அவன் விற்பதில் எனக்கு மறுப்பில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரியே படகையும் கேட்கிறான் என்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. கடன் கணக்கைத் தனியாக முடித்து எழுத்தில் வாங்கட்டும். படகுக்கு வெளியாள் இரண்டு பேரிடமாவது விலை கேட்கட்டும். நான் வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடவேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
செல்வராஜ்