கண் மருத்துவம் படிப்பவர்கள் எங்கள் ஊருக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தம்பி மகன் கண் மருத்துவத்தில் முதுகலை படிக்கிறான். 4 வருடப் படிப்பில் இது மூன்றாவது வருடம். தீபாவளிக்கு வந்தவனிடம், "அடுத்து எந்தப் பிரிவுக்குப் போவது என்று உங்கள் ஆட்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "யார்கிட்ட கத்துக்கிட்டோம், எந்தக் கண்ணைப் பார்த்தோம், பெரும்பாலும் அதுதான் அத்தை" என்றான்.

கண்புரை எடுத்தவருக்கு மறுநாள் கட்டுப் பிரித்ததும் பேரப்பிள்ளை முகம் தெரிகிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்த இளம் டாக்டருக்கு மனசு அதிலேயே நின்றுவிடுமாம். விழித்திரை வேலை அப்படியில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்தாலும், இருக்கிற பார்வையைக் காப்பாற்றினாலே பெரிது. நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் சிகிச்சைக்கு வருமானம் அதிகம். அதற்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படிப்புக் கடனோடு, நிரந்தர வேலை கிடைக்குமா என்று தெரியாமல் ஒப்பந்த டாக்டர்களாகக் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

ஆனால் என் அப்பாவின் கண்ணைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர் அவர். ஒருநாள் மட்டையை வெட்டும்போது தூசி கண்ணில் விழுந்தது. அம்மா பக்கத்து லயத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார். அப்புறம் ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் கருவிழியில் அரிசி அளவுக்கு வெள்ளை படர்ந்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பூஞ்சை என்றார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கடைசிவரை வலது பக்கம் யார் வந்து நின்றாலும் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார்.

இலை தழை பட்ட காயத்தில் பூஞ்சை பிடிக்கும், அதில் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் இன்னும் பரவும் என்று தம்பி மகன்தான் எனக்கு விளக்கினான். தாத்தாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு நடந்த பையன், இப்போது கருவிழிப் பிரிவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறான்.

அவனுக்கு வாய்த்தது மற்றவர்களுக்கு எப்படி வாய்க்கும்? அவன் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக, துறை துறையாகச் சுற்றிய 2 வருடத்தில் கண் துறையே இல்லை. மேல்படிப்பும் பெரிய நகரத்து மருத்துவமனைகளில்தான். 2014-இல் நாடு தழுவி எடுத்த கண் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்குக் கண்புரை 58.6 விழுக்காடும், இனிப்பு நீரால் (நீரிழிவால்) வரும் விழித்திரைப் பாதிப்பு 10.4 விழுக்காடும் காரணம் என்று தெரிந்தது. இனிப்பு நீர் இல்லாத வீடு எங்கள் பக்கம் எது? கால் புண்ணுக்கு ஓடுகிறார்கள், கண்ணைக் காட்டுவதில்லை.

சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் பயிற்சியில் இருப்பவர்களை வருடத்தில் சில வாரமாவது தோட்டப்புறக் கிளினிக்குகளில் உட்கார வைக்க வேண்டும். பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அது நடக்க வேண்டும். கண் பரிசோதனை முகாம் என்றால் எங்கள் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தருகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் பெண்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.