குளவிக்கும் சேத்து ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை காலையில, சிவகங்கை பக்கம் எங்க ஊரு கண்மாய்ல, நம்ம குட்டி மாடல் ப்ளேன் தானாப் பறந்து 4 ரவுண்டு சுத்திட்டு தானா வந்து மண்ணுல வயித்தத் தேச்சு இறங்கிருச்சு. நான் கையால தூக்கி எறிஞ்சதோட சரி, அதுக்கப்புறம் ரிமோட்டத் தொடவே இல்ல. எட்டரை நிமிஷம், 9 கிலோமீட்டர். அன்னைக்கே எழுதணும்னு நெனச்சேன், கை நடுக்கம் நிக்கவே ரெண்டு நாள் ஆச்சு.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடிக்கக் காரணம் மேனார்ட் ஹில்னு ஒரு அமெரிக்க தாத்தா. 2003 ஆகஸ்ட்ல பால்சா மரத்துல செஞ்ச 5 கிலோவுக்கும் கம்மியான ஒரு மாடல் ப்ளேன, கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல இருந்து அயர்லாந்து வரைக்கும் அட்லாண்டிக்கத் தாண்டி விட்டாரு. 38 மணி நேரம் 52 நிமிஷம், ஜிபிஎஸ்ஸும், ஆள் இல்லாம ப்ளேன ஓட்டுற ஆட்டோபைலட்டும் தான் ஓட்டுச்சு. அப்ப அவருக்குக் கண்ணு கிட்டத்தட்ட தெரியாது. அந்த ப்ளேனோட பேரு டாம்-5, அதுக்கு முன்னாடி விட்டதெல்லாம் போய்ச் சேரல. அவர் கடலையே தாண்டிட்டாரு, நம்ம ஒரு கண்மாயையாவது சுத்துவோம்னு தான் ஆரம்பிச்சேன்.

மொதல்ல ஆசாரி அண்ணன். மோட்டார் மாட்டுற ப்ளைவுட்ட 2 டிகிரி கீழ சாய்ச்சு வேணும்னு கேட்டேன், "டிகிரியெல்லாம் நமக்கு ஆகாது, எத்தன நூல்னு சொல்லு"ன்னாரு. ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு, கணக்குப் போட்டுப் பாத்தா அரை நூல். கண்ணாலயே பாத்து இழைச்சுக் குடுத்தாரு, இதுவரைக்கும் மூணு தடவ ப்ளேன் மூக்கு உடைஞ்சிருக்கு, அந்தப் பலகைக்கு ஒண்ணும் ஆகல. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

மொபைல் கடை தம்பி, என் சால்டரிங்க பாத்து சிரிச்சதுக்கு உன்ன மன்னிச்சுட்டேன். பேட்டரி வயர் மொத்தத்தையும் புடுங்கிட்டு மறுபடி வச்சு விட்டியே, அதனால தான் இன்னைக்கு வரைக்கும் ஒரு வயரு கூட கழண்டதில்ல.

காலேஜ் சீனியர் அக்கா இல்லன்னா மொத நாளே கதை முடிஞ்சிருக்கும். ஆர்டுபைலட்ங்கிற ஆட்டோபைலட் சாஃப்ட்வேர ஏத்தி, ரிமோட் ஸ்டிக்க ஆட்டுனா எய்லிரான் (இறக்கையோட பின்னோரத்துல மேலயும் கீழயும் ஆடுற தகடு) சரியா ஆடுதுன்னு சந்தோஷமா கெளம்பிட்டேன், அக்கா தான் நிறுத்தி, ப்ளேன் தானா நிமிந்துக்கிற ஸ்டெபிலைஸ் மோடுல போட்டு ப்ளேன கையால வலது பக்கம் சாய்க்கச் சொன்னாங்க. வலது எய்லிரான் கீழ எறங்கி ப்ளேன நிமித்தப் பாக்கணும், எங்களுது மேல ஏறுச்சு! அப்படியே எறிஞ்சிருந்தா சாயுற பக்கமே இன்னும் சாய்ச்சுத் தரையில அடிச்சிருக்கும்.

இப்ப குளவி கதைக்கு வர்றேன். மழைனால ரெண்டு வாரம் ப்ளேன் மொட்டை மாடி ரூம்ல தொங்குச்சு. அப்புறம் எடுத்துட்டுப் போய் விட்டா, 60 மீட்டர் ஏறுச்சு, தானா ஓட்டுற ஆட்டோ மோடுக்கு மாத்துன உடனே மோட்டார் முழு வேகத்துல மூக்கக் குத்திக்கிட்டு நேரா சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள போயிருச்சு. முள்ளுக்குள்ள யாரு போறது? அங்க ஆட்டுக் கிடை போட்டிருந்த கீதாரி மாமா தான், ஆட்டுக்கு தழை ஒடிக்கிற துரட்டிக் கம்ப வச்சு, இறக்கை கிழியாம பக்குவமா இழுத்துக் குடுத்தாரு.

பறந்தப்ப பதிவான லாக் ஃபைல பெங்களூர்ல இருக்கிற அண்ணனுக்கு அனுப்புனேன். ராத்திரி 12 மணிக்கு போன் பண்ணி, "ஜிபிஎஸ் ஸ்பீடு செகண்டுக்கு 18 மீட்டர் காட்டுது, ஏர்ஸ்பீடு சைபர்ல நிக்குது, பிடோ ட்யூப பாரு"ன்னாரு. பிடோ ட்யூப்னா இறக்கையில முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே அந்தக் குழாய், எதுத்து வர்ற காத்தோட அழுத்தத்த வச்சு ஏர்ஸ்பீட, அதாவது காத்துல போற வேகத்த அளக்கும். அது அடைச்சுக்கிட்டா, வேகமே இல்ல விழப்போறோம்னு ஆட்டோபைலட் பயந்து மூக்க இறக்கி வேகத்தக் கூட்டும். நான் சென்சார் போச்சு, 2000 ரூவா தண்டம்னு புலம்பிக்கிட்டு இருந்தேன், அம்மா வந்து குழாய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "டேய், குளவி மண்ணு வச்சிருக்குடா"ன்னாங்க. ஊக்க விட்டுக் கிளறுனா பொலபொலன்னு கொட்டுது. விடுறதுக்கு முன்னாடி குழாய்ல லேசா ஊதி ஸ்க்ரீன்ல நம்பர் ஏறுதான்னு பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், பாக்காதது என் தப்பு தான்.

இது சிரிக்கிற விஷயமும் இல்ல. 1996-ல டொமினிக்கன் குடியரசுல கெளம்புன உடனே கடல்ல விழுந்து 189 பேர் செத்துப்போன போயிங் 757-லயும், பிடோ ட்யூப் அடைச்சதுக்கு குளவி தான் காரணமா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க.

அம்மா இப்ப பழைய பேனா மூடியில செவப்பு ஜாக்கெட் பிட்டு ஒண்ணக் கட்டி அந்தக் குழாய்க்கு தொப்பி பண்ணிக் குடுத்திருக்காங்க. துணி தொங்குறதனால கழட்ட மறக்க முடியாது.

கீதாரி மாமா, காணாமப் போன ஆட்ட இது தேடுமான்னு கேட்டீங்க. கேமரா வாங்கக் காசு சேத்துக்கிட்டு இருக்கேன். ஐப்பசியில கண்மாய்ல தண்ணி ஏறிரும், அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க, அடுத்த தடவ நீங்க தான் தூக்கி எறியணும்.